ரூட் கணக்கு யாருக்கு: தில்லியில் கணினி நிர்வாகக் கல்வி

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய நாள் முதல், யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க உரிமை உண்டு, யாருக்கு எவ்வளவு வட்டு இடம், பழுதானால் எந்த நகலிலிருந்து மீட்பது, யாருடைய கணக்கை எப்போது மூடுவது என்ற கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பு யாரேனும் ஒருவரிடம் இருந்தாக வேண்டியதாயிற்று. அந்தப் பொறுப்புக்குக் கணினி அமைப்பு நிர்வாகம் என்று பெயர். அலுவலகப் பேச்சில் அது 'சிஸ்டம் அட்மின்' வேலை. இத்தொழிலின் கருவிகளுள் தலையாயது, யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் 'ரூட்' என்றும் விண்டோஸில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்றும் வழங்கும் தலைமைக் கணக்காகும். அதன் கடவுச்சொல்லை அறிந்தவர் அக்கணினியில் எதையும் படிக்கலாம், எதையும் மாற்றலாம், எதையும் அழிக்கலாம். ஆகவே இத்தொழிலைக் கல்லூரியில் ஒரு பாடமாக வைத்தபோது, பிற பாடங்களில் எழாத ஒரு சிக்கல் எழுந்தது. வேதியியல் மாணவரிடம் அமிலக் குப்பியைக் கொடுப்பதுபோல ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட முடியாது. குப்பி கவிழ்ந்தால் ஒரு மேசை கெடும், கடவுச்சொல் கைமாறினால் அக்கணினியை நம்பியிருக்கும் அனைவரின் வேலையும் கெடும். கொடுக்காமல் இருந்தாலோ தொழிலைக் கற்பிக்க வழியில்லை. தில்லியில் இக்கல்வி நடந்து வந்த அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றை, அந்தக் கடவுச்சொல் எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது என்ற கேள்வியோடு படித்தால், அதன் விதிமுறைகள் ஏன் இப்படி அமைந்தன என்பதும் பெருமளவு விளங்கிவிடுகிறது.

தில்லியின் தொடக்கக் காலக் கணினிகளுள் குறிப்பிடத்தக்கவை கல்வி நிலையங்களிலும் அரசின் புள்ளிவிவரத் துறையிலும் இருந்தன. 1961இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 1963இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமாக, அதாவது ஐ.ஐ.டி.யாக, உயர்ந்த ஹௌஸ் காஸ் வளாகத்தில், அதன் வளர்ச்சிக்குத் துணை நின்ற பிரிட்டனின் தயாரிப்பான ஐ.சி.எல். 1909 நிறுவப்பட்டது, தில்லிப் பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் ஐ.பி.எம். 360 வரிசையின் 44ஆம் மாதிரி இருந்தது. ராமகிருஷ்ணபுரத்தில் 1967இல் அமைந்த புள்ளிவிவரத் துறையின் கணினி மையத்தில் ஹனிவெல் 400 ஓடியது. இவை யாவும் தொகுதி முறையில் இயங்கியவை: பயனர் தம் நிரலைத் துளையட்டைகளில் பதித்து, கட்டாகக் கட்டிச் சாளரத்தில் கொடுத்துவிட்டுப் போவார், இயக்குநர் அவற்றை வரிசைப்படி எந்திரத்தில் ஏற்றுவார், விடை அச்சிட்ட தாளாக மறுநாளோ அதற்கடுத்த நாளோ கிடைக்கும். ஒரு காற்புள்ளி தவறினால் மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். எந்திரம் இருந்த குளிரூட்டிய அறைக்குள் பயனருக்கு அனுமதியில்லை. அனுமதி பெற்றவரும் காலணியை வெளியே விட்டுத்தான் நுழைய வேண்டும். தூசு புகாதிருக்க வந்த இவ்வழக்கம், தூசால் கெடாத மேசைக் கணினிகள் வந்த பின்னும் இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் பல்லாண்டு நீடித்தது. கருவறைக்கு வெளியே நின்று தீபாராதனைக்குக் காத்திருந்து பழகிய மக்களுக்கு அது வேறுபாடாகத் தோன்றவில்லை போலும்.

பிற்காலக் கல்லூரி விதிகள் பலவற்றின் வித்து இந்த அறையிலேயே விழுந்தது. ஒவ்வொரு அட்டைக் கட்டின் தலைப்பிலும் 'ஜாப் கார்டு' என்ற ஓர் அட்டை இருக்க வேண்டும். பயனரின் கணக்கு எண்ணும், அந்த வேலைக்கு அனுமதிக்கப்பட்ட எந்திர நேரமும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். நேரம் கடந்தால் வேலை பாதியில் நிறுத்தப்படும். ஆளுக்கு இவ்வளவு என்ற பங்கீடு, கணக்கைப் பிறருக்குக் கொடாமை, வரிசையை மீறாமை, மைய ஊழியரின் சொல்லுக்குக் கட்டுப்படுதல் ஆகிய நான்கும் அன்றைய பற்றாக்குறையிலிருந்து பிறந்தவை; ரேஷன் கடைக்கும் கணினி மையத்துக்கும் இந்த வகையில் பெரிய தூரம் இருக்கவில்லை. அந்த எந்திரங்களின் உள்திறவுகோலோ மையத்தினரிடம்கூட முழுமையாக இல்லை. ஐ.பி.எம். போன்ற நிறுவனங்கள் இந்தியாவில் பெரும்பாலும் கணினிகளை வாடகைக்கே விட்டன. பராமரிப்பு அவர்களுடைய பொறியாளர்களின் கையில் இருந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அயல்நாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்னதை ஏற்காமல் ஐ.பி.எம். 1978இல் வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற எந்திரங்களைக் காக்கும் வேலை, அரசு 1975இல் தொடங்கியிருந்த கணினிப் பராமரிப்புக் கழகமான சி.எம்.சி.யிடம் வந்தது. எந்திரத்தை ஓட்டவும் திறக்கவும் பழுது நீக்கவும் உரிமை பெற்ற இந்தியப் பணியாளர் கூட்டம் ஒன்று பெருமளவில் உருவானதற்கு, ஒரு வெளியேற்றம் காரணமாயிற்று.

கல்லூரிப் பாடமாகக் கணினியியல் வேர்கொண்ட வரலாற்றில் தில்லித் தமிழர்க்கு நெருக்கமான ஒரு பெயர் வருகிறது. ஈரோட்டில் 1933இல் பிறந்த வி. ராஜாராமன், இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளாக அறியப்படும், அன்று மதராசிக் கல்விச் சங்கத்தின் பெயரால் வழங்கிய பள்ளியில் படித்து, புனித ஸ்டீஃபன் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றவர். பின்னர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் கணினியியல் கல்வியைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர். மின்னணு ஆணையம் கணினிப் பணியாளர் தேவையை ஆராய அமைத்த குழுவுக்கு அவர் தலைமையேற்றதன் விளைவாகவே, பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கான எம்.சி.ஏ. என்ற முதுநிலைப் படிப்பு 1980களின் தொடக்கத்தில் நாட்டில் பரவியது. தில்லிப் பல்கலைக்கழகம் 1981இல் கணினி அறிவியல் துறையைத் தொடங்கி, 1982இல் எம்.சி.ஏ. படிப்பை நடத்தத் தொடங்கியது. அத்தகைய படிப்புகளில் நாட்டின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. அப்பாடத்திட்டங்களில் இயங்குதளம் ஒரு கோட்பாட்டுப் பாடமாக இடம்பெற்றது: நினைவகத்தைப் பங்கிடும் முறைகள், செயல்களை வரிசைப்படுத்தும் முறைகள், ஒன்றையொன்று எதிர்நோக்கி எல்லாமே நின்றுபோகும் முட்டுக்கட்டை நிலை ஆகியவற்றை மாணவர் கணக்காகப் போட்டுக் கற்றார். ஒரு கணினியில் பயனர் கணக்கைத் திறப்பது எப்படி, வட்டு நிரம்பிவிட்டால் என்ன செய்வது, நள்ளிரவில் காப்பு நகல் எடுப்பது எப்படி என்பவை பாடமாகவில்லை. அவை ஆய்வக உதவியாளரின் கைவேலையாகக் கருதப்பட்டன. மூளை வேலைக்கும் கைவேலைக்கும் இடையே இந்நாடு நெடுங்காலமாக இழுத்து வைத்திருந்த கோடு, முற்றிலும் புதிய இத்துறைக்குள்ளும் தாமதமின்றி வந்து சேர்ந்ததில் வியப்பில்லை; ஆனால் அதற்கான விலையைப் பின்னாளில் நிறுவனங்கள் கொடுக்க நேர்ந்தது.

கல்லூரி ஒதுக்கிய அந்த வேலையை அரசு தன் அலுவலகங்களுக்குள்ளேயே கற்பித்துக்கொண்டது. 1976இல் என். சேஷகிரியின் முன்முயற்சியால் தோன்றிய தேசியத் தகவலியல் மையம், சுருக்கப் பெயரில் என்.ஐ.சி., லோதி சாலையை ஒட்டிய மத்திய அரசு அலுவலக வளாகத்தில் சைபர் 170 வரிசைப் பெருங்கணினியை நிறுவியது. 1982இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் முடிவுகளைக் கணினியில் தொகுத்து வழங்கியதன் மூலம் பொதுமக்களும் அமைச்சர்களும் அறியும் பெயரைப் பெற்றது. 1980களின் இரண்டாம் பாதியில் செயற்கைக்கோள் வழியாக அது அமைத்த நிக்நெட் என்ற வலையமைப்பு, தில்லி, புணே, புவனேசுவரம், ஐதராபாத் ஆகிய மண்டல மையங்களோடு நானூறுக்கும் மேற்பட்ட மாவட்டத் தலைநகர்களை இணைத்தது. ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் ஒரு கணினியும் அதைக் காக்க மாவட்டத் தகவலியல் அலுவலர் ஒருவரும் என்ற அந்த ஏற்பாடே, இந்தியாவில் கணினி நிர்வாகம் ஒரு பதவியாகப் பரவிய முதல் பெரிய சந்தர்ப்பம் எனலாம். அவ்வலுவலர்கள் ஏதோ ஒரு பட்டம் பெற்று வந்து, பணியில் சேர்ந்த பிறகே தொழிலைக் கற்றவர்கள். கடவுச்சொல் அவர்கள் கைக்குப் பட்டத்தால் வரவில்லை, நியமன ஆணையால் வந்தது. தவறினால் என்ன ஆகும் என்பதையும் பாடநூல் சொல்லவில்லை, அரசு ஊழியர் நடத்தை விதிகளே சொல்லின. இதே காலத்தில் தில்லியில் சி.எம்.சி. வடிவமைத்த ரயில் முன்பதிவு முறை 1986இல் முழு அளவில் நடைமுறைக்கு வந்தபோது, அதன் வேக்ஸ் கணினிகளைக் காத்தவர்களும் இவ்வாறே வேலைக்கு வந்த பின் பழகியவர்கள்.

யூனிக்ஸ் வந்த பின்னரே நிர்வாகத்துக்கு ஒரு தனி இலக்கணம் அமைந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969இல் தொடங்கிய இந்த இயங்குதளம், பயனர்களையும் அவர்களுடைய உரிமைகளையும் தெளிவாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் மேலே ரூட் என்ற ஒரே கணக்கை வைத்தது. கணினி இறக்குமதியைத் தளர்த்திய 1984 நவம்பர் கொள்கைக்குப் பிறகு இந்திய நிறுவனங்கள் யூனிக்ஸ் கணினிகளைப் பெருமளவில் விற்றன, சி. ரங்கராஜன் தலைமையிலான குழுவின் 1984ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்துக் கணினிமயமான வங்கிகள் அவற்றின் முக்கிய வாடிக்கையாளர்களாயின. திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ் நாடார், தில்லியில் டி.சி.எம். நிறுவனத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நண்பர்களோடு 1976இல் தொடங்கிய எச்.சி.எல். இவ்விற்பனையில் முன்னணியில் நின்றது. எந்திரம் விற்றால் அதைக் காக்க ஆள் வேண்டும். ஆளைக் கல்லூரி தரவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்தவை தனியார் பயிற்சி நிலையங்கள். தில்லி ஐ.ஐ.டி.யில் படித்த ராஜேந்திர பவாரும் விஜய் தடானியும் 1981இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி. அவற்றுள் பெரிதாக வளர்ந்தது. மாலை நேர வகுப்பு, தவணை முறையில் கட்டணம், முன்பதிவு செய்துகொண்ட எந்திர நேரம் என்று அவை கல்லூரிக்கு இணையாக ஒரு தனிக் கல்வி உலகத்தையே நடத்தின.

அந்த உலகத்தின் தரம் ஒரே சீராக இல்லாததால், மின்னணுத் துறை 1990இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவோடு இணைந்து, கணினிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் திட்டமொன்றை வகுத்தது. டோயெக் என்று மக்கள் அழைத்த அத்திட்டத்தில் ஓ, ஏ, பி, சி என நான்கு படிநிலைகள் இருந்தன. ஓ நிலை அடிப்படைப் படிப்பாகவும், பி நிலை எம்.சி.ஏ.வுக்கு இணையாகவும் கருதப்பட்டன. எங்கு படித்தாலும் தேர்வு ஒன்றே என்ற அதன் கொள்கை, முறையான கல்லூரிக்குள் நுழைய இயலாத ஆயிரக்கணக்கானோருக்கு அரசு வேலையின் வாசலைத் திறந்தது. தில்லியின் எழுத்தர் பணி விளம்பரங்களில் 'ஓ லெவல்' என்ற சொல் நெடுங்காலம் புழங்கியது. அத்திட்டத்தை நடத்திய அமைப்பு 2011இல் நைலிட் என்று பெயர் மாறியது.

மறுபுறம் தொழிற்பயிற்சி நிலையங்கள், அதாவது ஐ.டி.ஐ.க்கள், இதே தொழிலை வேறொரு மரபிலிருந்து அணுகின. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் மின்பணியாளரும் பொருத்துநரும் பயின்ற கூடங்களிலேயே, கணினி இயக்குநர் மற்றும் நிரலாக்க உதவியாளர் என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவும், பின்னர் கணினி வன்பொருள், வலையமைப்புப் பராமரிப்புக்கான பிரிவும் வந்து சேர்ந்தன. தில்லியில் பூசா ஐ.டி.ஐ. போன்ற பழைய நிலையங்கள் இவ்வகைப் பயிற்சிக்குப் பெயர் பெற்றவை. அங்கே வகுப்பின் முதல் பாடம் பணிப் பாதுகாப்பு: மின்சாரத்தைத் துண்டிக்காமல் பெட்டியைத் திறக்காதே, தீயணைப்பான் எங்கிருக்கிறது என்று தெரிந்துகொள். ஒவ்வொரு பணியும் பதிவேட்டில் எழுதப்பட்டுப் பயிற்றுநரின் கையொப்பம் பெற வேண்டும். தேர்வெழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். கல்லூரி வருகைப்பதிவு ஒரு சடங்காக மாறிவிட்ட இடங்களில்கூட இவ்விதிக்கு இங்கே பொருள் இருந்தது, ஏனெனில் கை பழகும் வேலையை வராதவர் கற்க முடியாது. கணினி நிர்வாகம் உண்மையில் எந்த மரபைச் சேர்ந்தது என்று கேட்டால், பட்டறை மரபைத்தான் சொல்லத் தோன்றுகிறது; ஆனால் பத்தாம் வகுப்பு முடித்தோர் சேரும் இடம் என்ற அடையாளம், அந்தப் பட்டறையின் நல்ல பழக்கங்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழையாமல் தடுத்துவிட்டது.

இந்தியாவில் பாடநூலும் நடைமுறையும் இப்படிப் பிரிந்து கிடந்தபோது, அமெரிக்காவில் இத்தொழில் தன்னைத் தொழிலாக உணரத் தொடங்கியிருந்தது. பெரிய கணினித் தொகுதிகளை நிர்வகிப்போருக்கான முதல் பட்டறை 1987இல் கூடியது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஈவி நெமெத்தும் பிறரும் எழுதிய யூனிக்ஸ் நிர்வாகக் கையேடு 1989இல் வெளிவந்தது. இடையே, 1988 நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் நிரலொன்று அன்றைய இணையத்தின் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கிற்று. அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் அபராதமும் விதிக்கப்பட்டன. ஒரு மாணவரின் ஆர்வம் வளாகத்தின் சுவரைத் தாண்டும் என்ற உண்மை வெளிப்பட்ட பின், கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொல்லாதிருத்தல், பிறர் கணினியை அனுமதியின்றி ஆராயாதிருத்தல், வணிகத்துக்குப் பயன்படுத்தாதிருத்தல் ஆகியவற்றை ஏற்பதாகக் கையொப்பமிடும் பயனர் ஒப்புதல் படிவம் பல்கலைக்கழகங்களில் பரவியது. தில்லிக்கும் இது தொலைதூரச் செய்தியாக இருக்கவில்லை. மின்னணுத் துறை 1986இல் தொடங்கிய ஏர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் முதல் எட்டு மையங்களில் தில்லி ஐ.ஐ.டி.யும் தில்லியிலிருந்த மின்னணுத் துறை அலுவலகமும் இருந்தன. தொலைபேசி வழியே இரவில் மின்னஞ்சல்களை மாற்றிக்கொண்ட அக்காலத்தில், அஞ்சல் சேவையகத்தைக் காப்பவர் நகரத்துக்கும் உலகத்துக்கும் இடையே வாயிற்காவலராக நின்றார்.

1995 ஆகஸ்டு 15ஆம் நாள் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டபோது அரசின் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். தந்த இணைப்புகளுள் மலிவானது 'ஷெல்' கணக்கு. அதாவது, பயனர் தம் வீட்டிலிருந்து நிறுவனத்தின் யூனிக்ஸ் கணினிக்குள் நுழைந்து, எழுத்துகளாலான திரையில் கட்டளைகளைத் தட்டச்சிட வேண்டும். பணம் குறைவாக இருந்தவர்கள் வேறுவழியின்றி யூனிக்ஸ் கற்றார்கள் என்பது இந்திய இணைய வரலாற்றின் இனிய முரண்களுள் ஒன்று. தில்லியிலிருந்து இயங்கிய சைபர்மீடியா குழுமத்தின் பி.சி. குவெஸ்ட் இதழ் 1996இல் லினக்ஸ் குறுவட்டை வாசகர்க்கு வழங்கத் தொடங்கியதும் நிலைமை அடியோடு மாறியது. லினக்ஸ் என்பது யூனிக்ஸின் அமைப்பைப் பின்பற்றிய, யாரும் நகலெடுக்கக்கூடிய இயங்குதளம். நேரு பிளேஸ் கடைகளில் பகுதி பகுதியாக வாங்கிக் கோத்த 'அசெம்பிள்டு' கணினியில் அதை நிறுவிய மாணவர், தம் வாழ்வில் முதன்முறையாக ரூட் கடவுச்சொல்லைத் தாமே வைத்துக்கொண்டார். முப்பது ஆண்டுகளாக அறையின் கதவுக்குப் பின்னால் இருந்த அதிகாரம், ஜனக்புரியிலும் லட்சுமி நகரிலும் ஒற்றைப் படுக்கையறை வீடுகளின் மூலையில் வந்து உட்கார்ந்தது. வட்டைத் தவறாகப் பிரித்து அப்பாவின் கணக்குக் கோப்புகளை இழப்பது, தொழிலின் முதல் பாடமாக அங்கே கற்கப்பட்டது.

கல்லூரிகள் இம்மாற்றத்துக்குப் பின்னாலேயே நடந்தன. மைதான் கடியில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமே இதில் முன்னே வந்தது. அதன் திருத்திய எம்.சி.ஏ. பாடத்திட்டத்தில் இயங்குதளக் கருத்துகளும் வலையமைப்பு மேலாண்மையும் என்ற தாள், லினக்ஸையும் விண்டோஸ் 2000ஐயும் நிர்வகிக்கும் முறைகளைப் பாதுகாப்போடு சேர்த்துக் கற்பித்தது. மதிப்பீட்டில் 25 விழுக்காடு ஒப்படைப்புக்கும் 75 விழுக்காடு இறுதித் தேர்வுக்கும் ஒதுக்கப்பட்டது. பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாமெனினும் ஆய்வக அமர்வுகளுக்கு மட்டும் வருகை கட்டாயமாக்கப்பட்டது. தொலைநிலைக் கல்வி தன் அடிப்படைக் கொள்கையையே தளர்த்திக்கொண்டு மாணவரை நேரில் வரச்சொன்ன இடம் இதுதான் என்பது கவனிக்கத்தக்கது.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் விதிகள் வேறு திசையிலிருந்து வந்தவை. மூன்றில் இரு பங்கு விரிவுரைகளுக்கு வந்திருந்தால்தான் தேர்வெழுதலாம் என்ற அதன் பழைய விதி, கணினிகள் வருவதற்கு முன்பே எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக எழுதப்பட்டது. 2003இல் அகமதிப்பீடு அறிமுகமானபோது மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காடு அதற்கு ஒதுக்கப்பட்டு, அந்த 25இல் 5 வருகைக்கே தரப்பட்டது: 67 விழுக்காட்டைத் தாண்டினால் 1 மதிப்பெண்ணில் தொடங்கி, 85ஐத் தாண்டினால் 5 வரை. வருகையை மதிப்பெண்ணாக மாற்றும் இந்த ஏணி, வந்தவர் என்ன செய்தார் என்று கேட்பதில்லை. நிர்வாகியின் வேலையோ பெரும்பாலும் பிறர் இல்லாத நேரத்தில் நடப்பது. சேவையகத்தை நிறுத்தி மேம்படுத்துவது இரவிலும் ஞாயிறன்றும்தான். மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் ஆய்வகத்தில் இத்தொழிலின் உண்மையான கால அட்டவணையை எந்த மாணவரும் அனுபவித்ததில்லை.

2015இல் விருப்ப அடிப்படையிலான கிரெடிட் முறை வந்தபோது, பல்கலைக்கழக மானியக் குழு கணினி அறிவியலுக்கு வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில் 'கணினி அமைப்பு நிர்வாகமும் பராமரிப்பும்' என்ற திறன் மேம்பாட்டுப் பாடம் வெளிப்படையான பெயரோடு இடம்பெற்றது. பயனர் கணக்குகளை உருவாக்குதல், கோப்பு உரிமைகள், வட்டுப் பங்கீட்டு வரம்பு, செயல்களை நிறுத்துதல் ஆகியவை லினக்ஸ் பகுதியிலும், 'வொர்க்குரூப்' எனப்படும் பணிக்குழுவுக்கும் 'டொமைன்' எனப்படும் களத்துக்கும் உள்ள வேறுபாடு, பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் ஆக்டிவ் டைரக்டரி ஆகியவை விண்டோஸ் பகுதியிலும் வைக்கப்பட்டன. நெடுநாள் புறக்கணிப்புக்குப் பின் கிடைத்த இவ்வங்கீகாரத்தில் ஒரு சிறு நகை உண்டு: ஆக்டிவ் டைரக்டரியை உருவாக்கக் கற்பிக்கப் பாடத்திட்டம் பெயரிட்டுச் சொன்ன விண்டோஸ் 2003 சேவையகத்துக்கான ஆதரவை அதன் தயாரிப்பாளர் 2015 ஜூலை 14ஆம் நாளோடு நிறுத்திவிட்டார். ஆதரவு முடிந்த இயங்குதளத்தை வலையில் விட்டு வைக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் பாலபாடம்.

பாடத்தின் பெயர் வந்தாலும் கடவுச்சொல் வந்ததா என்பதே கேள்வி. ஒரே ஆய்வகத்தை நாள் முழுதும் பல வகுப்புகள் பகிர்ந்துகொள்ளும் கல்லூரியில், ஒரு வகுப்பு மாணவர் வட்டைப் பிரித்துப் பழகினால் அடுத்த வகுப்புக்குக் கணினி இருக்காது. ஆகவே ஆய்வகக் கணினிகளில் மாணவர்க்கு எளிய பயனர் உரிமையே தரப்பட்டது. நிர்வாகக் கட்டளைகள் கரும்பலகையில் எழுதப்பட்டுச் செய்முறைக் குறிப்பேட்டில் படியெடுக்கப்பட்டன. நீச்சலைக் கரையில் நின்று கற்ற கதைதான். இதிலிருந்து மீட்டது, ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை உருவாக்கிக் காட்டும் மெய்நிகர்க் கணினி முறையாகும். 2007இல் திறந்த மூலமாக வெளிவந்த வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் பரவிய பின், ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு கணினியை உருவாக்கி, அதற்கு ரூட்டாகி, அதைக் கெடுத்து, முன்பே எடுத்துவைத்த நிலைப்பதிவிலிருந்து ஒரே நொடியில் மீட்டுக்கொள்ள முடிந்தது. கற்றலுக்கு இது பெரும் விடுதலை. ஆயினும் அழித்ததை மீட்டுக்கொள்ளலாம் என்ற பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, மீட்க முடியாத கணினியின் முன் உட்காரும்போது வர வேண்டிய கைநடுக்கம் எங்கிருந்து வரும் என்பதற்கு அந்த மென்பொருளில் விடையில்லை.

விதிகளுள் மிகவும் இடறிய ஒன்று, படியெடுப்பதற்கு எதிரான விதி. ஒப்படைப்பைத் தானே எழுத வேண்டும், இருவர் விடை ஒன்றாயிருந்தால் இரண்டும் தள்ளப்படும் என்பது கல்லூரியின் நேர்மை இலக்கணம். நிர்வாகத்திலோ ஐம்பது கணினிகளின் அமைப்புக் கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயிருப்பதே சிறப்பு. பிறர் எழுதிச் சோதித்த கோப்பை எடுத்துத் தம் இடத்துக்கு ஏற்ப இரண்டு வரி மாற்றுவதே அன்றாட வேலை. கையேட்டைப் பாராமல் நினைவிலிருந்து கட்டளை இடுபவர் ஆபத்தானவர். மூன்று மணி நேரச் செய்முறைத் தேர்வில் புத்தகமும் இணையமும் மறுக்கப்பட்டு, மனப்பாடமாகக் கட்டளை எழுதச் சொல்லப்படும் மாணவர், வேலைக்குப் போன முதல் வாரத்தில் அப்பழக்கத்தை மறந்தாக வேண்டும். இங்கே நேர்மை என்பதற்கு வேறு அளவுகோல்தான் பொருந்தும்: எதை எங்கிருந்து எடுத்தார், ஏன் மாற்றினார், எப்போது மாற்றினார் என்று குறித்து வைத்திருக்கிறாரா என்பது. அந்த மாற்றக் குறிப்பேட்டை மதிப்பிடும் பழக்கம், ஐ.டி.ஐ. பட்டறையின் கையொப்பமிட்ட பதிவேட்டில் ஒருவகையில் ஏற்கெனவே இருந்தது.

இதற்கிடையில் கல்லூரி விதிகளுக்கு மேலே நாட்டுச் சட்டம் வந்து அமர்ந்தது. 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினியில் நுழைவதையும் தரவை நகலெடுப்பதையும் இழப்பீட்டுக்குரிய செயல்களாக்கியது. 2009 அக்டோபர் 27 முதல் செயலுக்கு வந்த திருத்தம், அச்செயல்களையே தீய நோக்கோடு செய்தால் 66ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாக்கியது. வகுப்பில் வலையமைப்பை ஆராயும் கருவியைக் கற்ற மாணவர் அதை விடுதி வலையமைப்பில் ஓட்டிப் பார்ப்பது, ஒரு காலத்தில் முதல்வர் அறையின் கண்டிப்போடு முடிந்த விஷயம். இப்போது 'அனுமதி' என்ற சொல்லுக்குச் சட்டப் பொருள் வந்துவிட்டது.

2022 நவம்பர் 23ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சேவையகங்கள், தரவைப் பூட்டிப் பணயமாக வைக்கும் தீநிரலால் முடங்கியபோது, சுமார் இரு வாரங்கள் நோயாளர் பதிவு கையெழுத்துச் சீட்டுகளுக்குத் திரும்பியது. ஐந்து சேவையகங்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டதென்றும், வலையமைப்பை உரிய முறையில் பகுதிகளாகப் பிரிக்காததே தாக்குதலுக்கு இடமளித்ததென்றும் அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. வலையமைப்பைப் பகுதிகளாகப் பிரிப்பது அரிய கலையன்று; ஒரு பகுதியில் தீ பிடித்தால் மற்றதற்குப் பரவாதிருக்கத் தடுப்புச் சுவர் வைப்பது போன்ற அடிப்படைப் பணி, பாடமாக வைத்தால் இரண்டு வாரங்களில் கற்பித்துவிடக்கூடியது. அப்பணியை ஆய்வக உதவியாளரின் கைவேலை என்று ஒதுக்கிய 1980களின் பாடத்திட்டத்தை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின்கீழ் இயங்கும் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, நிர்வாகியின் அன்றாடக் கடமைகளை எண்களில் வரையறுத்தது: தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினி நிகழ்வுப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கணினிகளின் கடிகாரங்களும் என்.ஐ.சி. அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகங்களோடு, அல்லது அவற்றோடு ஒத்தியங்கும் சேவையகங்களோடு, பொருந்தியிருக்க வேண்டும். யார் எப்போது நுழைந்தார் என்பதற்கான சான்று பதிவில்தான் இருக்கிறது. கடிகாரம் தவறினால் பதிவுக்கு மதிப்பில்லை. இந்திய நேரத்தைச் சீசிய அணுக்கடிகாரங்களால் காக்கும் அந்த ஆய்வகம் பூசாவில் இருக்கிறது. அதன் முதல் இயக்குநராயிருந்த, வத்திராயிருப்பைச் சேர்ந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணனின் பெயரையே அந்தச் சாலையும் தாங்குகிறது. அதே பகுதியிலுள்ள ஐ.டி.ஐ.யின் கணினிக் கூடத்தில், நேரச் சேவையகத்தின் முகவரியை அமைப்புக் கோப்பில் சேர்க்கும் ஒற்றை வரியை எழுதுவதற்கும் ரூட் உரிமை வேண்டும்.